குறை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டோம்

மகளுக்கு எதைக் கொடுத்தாலும் வயிற்றால் போய்க்கொண்டிருந்தது. பால், வாழைப்பழம், சீனி போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி, எல்லாமே. பள்ளிக்கூடப் பாவாடையின் இடுப்பை மனைவி மறுபடியும் பிடித்துத் தைக்க வேண்டி வந்தபோது சேலத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே வாய்வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலின் உள்தோலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். சர்க்கரையைச் செரிக்கவைக்கும் நொதிகள் அதில் போதிய அளவு இருக்கின்றனவா என்று பார்க்க வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள்.

"ஏதாவது ஒண்ணு கம்மியா இருந்தா நமக்கு நல்லதுங்க," என்றார் டாக்டர். "அந்தச் சர்க்கரைய நிறுத்திட்டாப் போதும், புள்ள தேறிடும்."

அதனால் நானும் மனைவியும் குறை இருக்கட்டும் என்றே வேண்டிக்கொண்டோம். வெண்ணந்தூரில் இருக்கும் என் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. எந்தக் குறையும் இருக்கக் கூடாதென்று அவள் திருச்செங்கோட்டு மலைக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

அக்காவின் வேண்டுதல்தான் பலித்தது.

"எல்லா என்சைமும் நார்மலுங்க." டாக்டர் சிரிக்கவில்லை. "அப்பக் காரணம் வேற எங்கியோ இருக்கு. தேடணும்."

நான் அறிவியல் வாத்தியார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நார்மல்னு எத வெச்சுங்க சார் சொல்றாங்க?"

"மத்தக் குழந்தைங்களோட அளவ வெச்சுத்தான்."

"நல்லா இருக்கற குழந்தைங்களா?"

"நல்லா இருக்கற குழந்தைக்கு யாருங்க குழாய் விடுவாங்க? அதுகளும் வயித்து வலி, பேதின்னு வந்ததுகதான். குடல்ல பாத்தப்ப ஒண்ணும் தெரியல. அதுகளோட அளவுதான் நார்மல்."

ராசிபுரம் திரும்பும் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கினாள். மடியில் கனமே தெரியவில்லை. நான் அந்தக் குழந்தைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். குடலில் ஒன்றும் தெரியவில்லை, சரி. பிறகு என்ன தெரிந்தது? தேறினார்களா? டாக்டரிடம் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

போனில் மனைவி அக்காவிடம் நார்மல் என்று மட்டும்தான் சொன்னாள். மறுநாளே அக்கா மலைக்குப் போய்ப் பொங்கல் வைத்து, தூக்குப்போசியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மூடியைத் திறந்ததும் வெல்லமும் நெய்யும் மணத்தன.

"வா சாமி. ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டாங்கல்ல, இனி எல்லாந் திங்கலாம்."

"அக்கா, இரு. அதுக்கு அப்பிடி அர்த்தமில்ல."

"உன்ற வாத்தியார் வேலையப் பள்ளிக்கொடத்தோட வெச்சுக்க. கோயில் பொங்கல வேண்டாங்கறவன இன்னைக்குத்தான் பாக்கறேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். சர்க்கரைமேல் பழி போட எனக்கு இனி வழியில்லை. வேறு எதன்மேல் போடுவது என்றும் தெரியவில்லை. அக்காவுக்கு வழிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

பேதிக்குப் பயந்து நாங்கள் மாதக்கணக்கில் இனிப்பே கொடுக்காமல் வைத்திருந்த பிள்ளை. ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். "இன்னும் குடுங்க அத்தை," என்றாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. போசியை வழித்து ஊட்டினாள்.

நான் எழுந்துபோய்க் குளியலறை வாளியில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தேன். அது நிரம்புவதற்குள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் வேறு சோதனை. அங்கேயும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.