பனி காயும் வரை பள்ளிக்கூடம்

இன்ஸ்பெக்டர் தலை எண்ண வந்த அன்று, காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். வாத்தியார். இன்ஸ்பெக்டர். வாசலில் மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரர். ஊர்த் தலைவரான அம்பலம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒன்பது பேர். பக்கத்து ஊரிலிருந்து அம்பலம் கூட்டிவந்து உட்கார்த்திய பிள்ளைகள் பதினெட்டுப் பேர். அதில் ஒன்று இன்னும் பால்குடி மறக்காதது.

நான் அங்கே இல்லை. கண்மாய்க்குள் ஆட்டோடு நின்றேன். நடந்ததில் முன்பாதி நான் கேட்டது. பின்பாதி பார்த்தது.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். செம்மண். கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல். பெருகாவிட்டால் ஆடுதான். வீட்டுக்கு அஞ்சு ஆறு ஆடு இருக்கும். மேய்ப்பது பிள்ளைகள்.

சமஸ்தானத்தில் அப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொல்லி உத்தரவு. சம்பளம் கட்ட வேண்டியதில்லை. பொம்பளைப் பிள்ளைகளும் வரலாம். எங்கள் ஊருக்கும் ஒரு கீற்றுக் கொட்டகையும் ஒரு வாத்தியாரும் கிடைத்தார்கள். நேரம் பத்திலிருந்து நாலு. ஆடு மேய்கிற நேரமும் அதுதான். உத்தரவு போட்டவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்கள் ஆடு வைத்திருக்கவில்லை, குற்றம் சொல்ல முடியாது.

முதல் மாசம் ஒன்பது பேர்தான் வந்தோம் என்று சொல்ல ஆசை. வந்தார்கள் ஒன்பது பேர். நான் வரவில்லை.

வாத்தியார் யாரையும் திட்டவில்லை. வீடு வீடாக வந்து நின்று பார்த்தார். பட்டியை எப்போது திறப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்கள் பக்கம் பனி காயாமல் ஆட்டை வெளியே விடமாட்டார்கள். பனிப்புல் தின்றால் ஆட்டுக்கு வயிறு கழியும். மழைக்காலத்திலும் ஈரம் உலர வேண்டும். கோடையில்கூட வெயில் ஏறித்தான் பட்டி திறக்கிற வழக்கம். விடிந்ததிலிருந்து அதுவரை பிள்ளைகளுக்கு வேலை இல்லை.

மறுநாள் பொழுது கிளம்பும்போது வாத்தியார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் வந்தோம். பனி காய்ந்ததும் எழுந்து ஓடினோம். அப்புறம் பத்து மணிக்கு மற்ற ஒன்பது பேருக்குத் திரும்ப முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். ஒரு சம்பளத்துக்கு இரண்டு பள்ளிக்கூடம். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ரிஜிஸ்தரில் முப்பத்தொரு பேருக்கும் வந்ததாகப் போட்டார்.

அடுத்த வருசம் மாசி மாதம் மேலிடத்திலிருந்து ஒரு தாக்கீது வந்தது. இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளிக்கூடத்தை எடுத்து மூணு மைலுக்கு அப்பால் பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் வந்து எண்ணுவார். எங்கள் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"இங்கிட்டு இருந்தாப் படி. அங்கிட்டுப் போச்சுன்னா ஆட்டோட நில்லு."

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. இரண்டெழுத்துச் சொல்லைக் கூட்டி வாசிக்க வந்திருந்தது. அது போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

வண்டி வருகிறது என்று அன்று அம்பலத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் நல்ல மனுசர். பள்ளிக்கூடம் கேட்டு வாங்கினவரே அவர்தான். நாங்கள் எல்லாம் மேய்ச்சலுக்குப் போய்விட்டோம். கொட்டகையில் ஒன்பது தலை. அவர் பக்கத்து ஊரில் பெண் கொடுத்திருந்தார். ஓடிப்போய்ச் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள், அள்ளிக்கொண்டு வந்து உட்கார்த்திவிட்டார். வாத்தியார் வேண்டாம் என்றாராம். கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எண்ணினார். இருபத்தேழு. அம்பலம் மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரைத் திறந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஒன்பது பேர்தான் கை தூக்கினார்கள். மற்றதுகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. முன்னால் இருந்த ஒன்றைப் பார்த்து, "நீ எந்த ஊரு?" என்று கேட்டார்.

"அங்கிட்டு. பொரி உருண்டை தாரேன்னாக, வந்தோம்."

இன்ஸ்பெக்டர் வாத்தியாரைப் பார்த்தார். "இத்தனை பேரு வந்ததாப் போட்டிருக்கீங்களே?"

"வந்துச்சுங்க. அதனால போட்டேன்."

"எப்ப?"

"விடிய. பனி காஞ்சதும் ஆட்டுக்குப் போயிருச்சுங்க."

"விடிய வரச்சொல்லி யாரு உத்தரவு?"

"உத்தரவு இல்லீங்க."

வாத்தியார் வேலை அந்த ஒரு வார்த்தையில் போயிருக்கும். பொய் சொல்ல இடம் இருந்தது, சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவேன், அதற்குள் பேர் உள்ள பிள்ளை எத்தனை வந்தாலும் எண்ணுவேன் என்றார். அதுவும் பெரிய மனசுதான்.

கண்மாய்க்குள் இருந்த எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. கரைமேல் அம்பலம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

எங்களோடு என் சின்னாத்தா ஆடு மேய்த்தாள். ஆத்தாவுக்கு அடுத்துப் பிறந்தவள். புருசன் மலேயாவுக்குப் போனவர், போனவர்தான். பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் இருந்தாலும் போனாலும் அவளுக்கு ஒன்றுமில்லை.

"புள்ளைகளை அனுப்புத்தா! எல்லாத்தையும் அனுப்பு!"

"மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க. யாரு செத்தா?"

"பள்ளிக்கூடந்தான் சாகப்போகுது." நடந்ததைச் சொன்னார்.

சின்னாத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "இரவல் புள்ளைய வச்சுக் கணக்குக் காட்டினீங்களாக்கும்?"

"வயலுக்கு எருவுக்காகக் கிடை போடையில ஆடு பத்தலைன்னா பக்கத்து ஊரு ஆட்டையும் சேத்து அடைக்கிறமா இல்லையா? அப்படித்தான் நெனச்சேன்."

"ஆட்டுக்குப் பேரு கேக்க மாட்டாங்க, அம்பலம்."

சின்னாத்தா எங்கள் பக்கம் திரும்பினாள்.

அங்கே இருந்தது பதினேழு பிள்ளைகள். மற்ற ஐந்து பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ஆடு நூற்றுக்கு மேலே. பதினேழு வீட்டு ஆடு. ஒரு வீட்டு ஆடு இன்னொரு வீட்டுச் சத்தத்துக்கு வராது. மடைக்குக் கீழே கத்தரித் தோட்டம் காய்த்துக் கிடந்தது. ஆடு இறங்கினால் ஒரு நாழிகையில் மொட்டை.

நாங்கள் யாரும் நகரவில்லை. ஆட்டைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

"ஆளுக்கு ஒங்க முன்னால போற ஆட்டைப் புடிச்சுத் தாங்க" என்றாள்.

ஒவ்வொரு மந்தையிலும் ஒன்று முன்னால் போகும். மற்றது அதன் பின்னால் போகும். பதினேழையும் பிடித்துக் கொடுத்தோம். எங்கள் கயிற்றாலேயே கருவேல மரங்களில் வரிசையாகக் கட்டினாள்.

"இப்ப எப்படிக் கூப்புடுவீங்கன்னு ஒவ்வொருத்தரா கூப்புட்டுக் காட்டுங்க. சட்டுன்னு."

கூப்பிட்டுக் காட்டினோம். ஹோய் என்பான் ஒருத்தன். நாக்கைச் சொடுக்குவாள் ஒருத்தி. நான் உதட்டைக் குவித்துப் ப்ர்ர் என்பேன். பதினேழையும் ஒரு தடவைதான் கேட்டாள்.

"போங்க. தோட்டத்துல ஒரு ஆடு எறங்காது."

"சின்னாத்தா, நான் மட்டும் இருக்கவா?" என்றேன்.

"ஒன்னைத்தான்டி மொதல்ல அனுப்பணும். ஓடு."

ஓடினோம். அம்பலத்துக்கு முன்னால் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். தொரட்டிக் கம்புகளைக் கொட்டகைக்கு வெளியே சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பொரி உருண்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தன. ஆட்டு வாடைக்கு இன்ஸ்பெக்டர் துண்டை மூக்கில் வைத்தார். அப்புறம் எடுத்துவிட்டார்.

பேர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தராக எழுந்தோம். என்னை வாசிக்கச் சொன்னார். வாத்தியார் புத்தகத்தை விரித்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் காட்டிய வரியை வாசித்தேன். அடுத்தவனும் வாசித்தான். பத்து மணிப் பிள்ளைகளைவிட விடியற்காலைப் பிள்ளைகள் ஒரு பக்கம் முன்னால் போயிருந்தோம். இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தார். வாத்தியாரிடம், "இனிமே எத்தனை மணிக்கு வருதுன்னு ரிஜிஸ்தர்ல எழுதுங்க. நேரத்தை மாத்திக்க நான் மேலே எழுதுறேன்" என்றார். பேனாவை நனைத்து எண்ணிக்கையைப் போட்டார். கீழே கையெழுத்தும் போட்டார். மாட்டைப் பூட்டச் சொன்னார்.

வாத்தியார் எங்களைப் பார்த்து, "ஆட்டுக்குப் போங்க" என்றார். முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்மாய்க்குத் திரும்பினோம். சின்னாத்தா மடைமேல் நின்றாள். கால் இரண்டிலும் முள் கிழித்து ரத்தம் காய்ந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போய்விட்டது. எங்கள் பதினேழு சத்தத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கத்தரிச் செடியில் ஓர் இலை போகவில்லை. ஆளுக்கு ஆள் அவரவர் ஆட்டை எண்ணிப் பார்த்தோம். எல்லாம் இருந்தது.

நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள். தனக்கு ஒன்றும் இல்லாத காரியத்துக்கு அப்படி நின்றவர்கள் அவளும் அந்த வாத்தியாரும்தான்.

சின்னாத்தா கீழே இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"எத்தனைடி எழுதினாரு?"

"இருபத்தாறு."