வெடிமருந்து வண்டிக்காரன் சுருட்டை விட்ட விதம்

சுருட்டை விடுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு வருகிற வாலிபர்கள் தொல்லை தாங்க முடியவில்லை. வண்டிப்பேட்டையில் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போடக்கூட விடமாட்டேன் என்கிறார்கள். "மேஸ்திரியண்ணே, நீங்க எப்பிடி விட்டீக?" என்று ஆளுக்கு ஒரு தடவை. கேட்டு முடித்ததும் அதே ஆள் என் முன்னாலேயே ஒன்றைப் பற்றவைக்கிறான். சொன்ன கதையையே சொல்லி எனக்குத் தாடை வலிக்கிறது. ஆகவே எழுதிப் போடுகிறேன். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த எழுத்து இதற்காவது உதவட்டும்.

1. மோப்பம்

நான் அனுமந்தன்பட்டி சவரிமுத்து. அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கும் சாமானைப் பெரியகுளம், தேனி, கம்பம் வழியாகக் கூடலூர் டிப்போவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து காட் ரோட்டு மலைப்பாதையில் குமுளிக்கு ஏற்றுவது என் தொழில். மலைக்கு மேலே அணைக்கட்டு வேலை நடந்த காலம் அது. ஏழெட்டுப் பார வண்டிகள் வரிசையாகப் போகும். முன் வண்டி என்னுடையது. அதனால் மேஸ்திரி என்று பெயர் வந்தது. மற்றபடி என்னிடம் ஒரு தகுதியும் கிடையாது.

ஒரு நாள் காலை டிப்போ ஓவர்சியர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். பட்டணத்து மனிதர். நறுக்கென்று பேசுவார்.

"இன்னியிலேர்ந்து உங்க வண்டிகளுக்குச் சுண்ணாம்புப் பாரம் கிடையாது. மருந்து" என்றார்.

மருந்து என்றால் காய்ச்சல் மருந்து இல்லை. பாறை உடைக்கிற வெடிமருந்து. பீப்பாய் பீப்பாயாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"தீப்பெட்டி, சக்கிமுக்கிக் கல், சுருட்டு எதுவும் இருக்கக் கூடாது. கையில இல்ல, வாயில வாசனை வந்தாலே வண்டியை ஓரங்கட்டிட்டுப் போயிட வேண்டியதுதான். ஊது, பார்ப்போம்."

அந்த மனிதர் உண்மையாகவே ஒவ்வொரு வாயாக மோந்து பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஊதினேன். ஓர் எட்டுப் பின்னால் போனார்.

"நீ மனுஷனா, செங்கல் சூளையா?"

"காலையில ஒண்ணே ஒண்ணுதான் எசமான்."

"இன்னிக்கு மன்னிச்சேன். நாளைக்கு வாசனை வந்தா உன் இடத்துல வேற வண்டி நிக்கும்."

எனக்கு அடுத்து நின்றவன் பிச்சை. கடைசி வண்டிக்காரன், என்னைவிட இளையவன். பச்சைப் பூண்டை மென்றுவிட்டு வந்திருந்தான். ஓவர்சியர் அவன் பக்கம் குனிந்தார், கண்ணை மூடிக்கொண்டார், போ என்று கைகாட்டினார். பிச்சையைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பான். மாட்டுக்கு வயிற்றுப்போக்கு என்றால்கூடச் சிரிப்பான். அப்படி ஒருவன் கூட இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

மழை பொய்த்து நிலம் தரிசாகக் கிடந்த வருஷம் அது. வண்டி நின்றால் என் காளைகள் சந்தைக்குப் போகும். அவற்றின் பின்னால் நானும் போகவேண்டி வரும், என்னை வாங்கத்தான் ஆள் இருக்காது. ஆகவே சுருட்டை விடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். முடிவு செய்ததும் ஒரு சுருட்டுப் பிடிக்கவேண்டும் போலிருந்தது.

அன்று மலை ஏறுகையில் காளையின் லாடம் பாறையில் உரசி ஒரு பொறி பறந்தது. நான் வண்டியிலிருந்து குதித்து, ரோட்டோரப் பள்ளத்தில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். வண்டி என்னை விட்டுவிட்டு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் முதல் எங்கள் மாடுகளின் கால்களில் சாக்குத் துணி சுற்றிக் கட்டினோம். அது ஓவர்சியரின் உத்தரவு என்று ஊரில் நினைக்கிறார்கள். என் பயத்தின் உத்தரவு.

2. ஆளுக்கொரு வைத்தியம்

சுருட்டை விடப்போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஊரே வைத்தியராகிவிடும். சுருட்டே பிடிக்காதவன்தான் அதிகம் சொல்வான்.

வெற்றிலையோடு போயிலை போடச் சொன்னார்கள். போட்டேன். வாய்ப்புகையிலை கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்ட அதே விருந்தாளி. இரண்டு நாளில் அதற்கும் கை நடுங்கியது. அதைச் செய்யாதீர்கள். கிராம்பு கடித்தேன், நாக்கு மரத்துப்போய்க் காளையை அதட்ட வரவில்லை. ஏலக்காய் நல்லதுதான். ஆனால் மலையிலிருந்து திரும்பும்போது ஏற்றிவந்த போடிநாயக்கனூர் வியாபாரியின் மூட்டைப் பக்கம் நான் அடிக்கடி போய் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவர் மூட்டையை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்.

தண்ணீர் குடிப்பது பலன் தரும். ஆசை வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக, மடக்கு மடக்காகக் குடித்து முடிப்பதற்குள் பாதி ஆசை போய்விடும். மீதிப் பாதி கையில் இருக்கிறது. வாயைவிடக் கைதான் மோசம். நான் கேட்காமலே அது காது மடலுக்குப் போய் அங்கே செருகியிருந்த சுருட்டைத் தேடும். இல்லை என்று தெரிந்ததும் காதையே பிடித்து இழுக்கும். அந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கற்றாழை நாரை எடுத்துக் கயிறு திரித்தேன். இது நல்ல வழி, தாராளமாகச் செய்யலாம். ஆனால் நான் திரித்த வேகத்தில் வீடு முழுக்கக் கயிறாகிப்போனது.

என் வீட்டுக்காரி மரியாயி வாசலில் நின்று பார்த்தாள். "ரெண்டு மாட்டுக்கு எத்தன கயிறு வேணுங்க? மிச்சத்துல என்னையக் கட்டிப்போடப் போறீகளா?"

"நீ ஒண்ணும் பேசாம இரு."

"நான் பேசாமத்தான் இருந்தேன். நீங்கதான் காலையிலருந்து அடுப்போட, கோழியோட, மழை பெய்யலன்னு வானத்தோட எல்லாத்தோடயும் சண்ட போட்டுட்டு இருக்கீக. பேசாம அந்த எழவெடுத்த சுருட்டையே பிடிச்சுருங்க. வீடாச்சும் நிம்மதியா இருக்கும்."

தம்பிகளே, இதுதான் ஆபத்தான இடம். விடு என்று சொன்னவர்களே பிடி என்று சொல்லும் நாள் ஒன்று வரும். அந்த அளவுக்கு நாம் எல்லாரையும் படுத்தியிருப்போம். அன்று காதைப் பொத்திக்கொள்ளவேண்டும். முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள்: கொஞ்ச நாளைக்கு நான் மனிதனாக இருக்கமாட்டேன், சோற்றைத் தள்ளிவிட்டு விலகிக்கொள்ளுங்கள் என்று.

3. ரோடு தொலைந்தது

யாருமே எனக்குச் சொல்லாத சங்கடம் இனிமேல்தான் வருகிறது.

எங்கள் ஆட்கள் வழியை மைல் கணக்கில் பேசுவதில்லை. சுருட்டுக் கணக்குதான். டிப்போவிலிருந்து அடிவாரக் கஞ்சிக்கடை ஒரு சுருட்டுத் தூரம். அங்கிருந்து ஊற்று வரை ஒன்று. ஊற்றிலிருந்து பெரிய வளைவு வரை இன்னொன்று. முன் வண்டிக்காரன் சுருட்டு முடிந்து துண்டை வீசி எறிந்தால் பின்னால் வருகிற அத்தனை வண்டியும் நிற்கும். மாடு இளைப்பாறும். இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. என் காளைகளுக்குக்கூட அது தெரியும்.

இப்போது நான் எறிவதற்குத் துண்டு இல்லை. எங்கே நிற்பது என்று எனக்கும் தெரியவில்லை, மாட்டுக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஊற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். ஏற்றத்தின் நடுவில் என் இடப்பக்கத்துக் காளை, போதும் என்று படுத்துவிட்டது. பின்னால் எல்லா வண்டியும் சரிவில் தொங்குகின்றன. சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டே எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

"யோவ் மேஸ்திரி, ஒங்களுக்குச் சுருட்டு இல்லைன்னா எங்க மாட்டுக்கு மூச்சு இல்லையா?"

"ஒரு குச்சியாச்சும் எடுத்து எறிங்கய்யா, நாங்க நின்னுக்கிறோம்."

காளையை எழுப்பி வண்டியைக் கிளப்பிவிட்டு, எரிச்சலில் ரோட்டோர மரத்திலிருந்து ஒரு மலைநெல்லியைப் பறித்து வாயில் போட்டேன். புளிப்பும் துவர்ப்பும் தாடையைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பிடியில் சுருட்டு ஞாபகமே வரவில்லை. சதை கரைந்து கொட்டை தேய்ந்து வரும்வரை உருட்டிக்கொண்டே நடந்தேன். பெரிய வளைவு பக்கத்தில் கொட்டையைத் துப்பி, பழைய பழக்கத்தில் கையை வீசினேன். பின்னால் கடகடவென்று எல்லா வண்டிகளும் நின்றன. என் காளைகளும் நின்று பெருமூச்சு விட்டன. சரியாக, வழக்கமாய் நிற்கும் அதே இடம்.

ஒரு நெல்லிக்காய் ஒரு சுருட்டுக்குச் சமம். உப்புப் போட்டுக் காயவைத்தால் வருஷம் முழுக்க மடியில் இருக்கும். பிறகு குடிக்கிற தண்ணீர் இனிக்கும். சுருட்டுக்குப் பிறகு எந்தத் தண்ணீரும் இனித்ததில்லை. இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லமாட்டேன். காளை படுத்ததால் கிடைத்தது.

4. பிச்சையின் வாய்

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் யோக்கியன். ஆனால் பெரிய வளைவில் ஒரு நாள் மேலிருந்து இறங்கும் காலி வண்டிகள் சிக்கிக்கொண்டன. நாங்கள் காத்துக் கிடந்தோம். மலைமேல் மூட்டம், சில்லென்ற காற்று, செய்வதற்கு வேலை இல்லை. மடியில் நெல்லியும் தீர்ந்திருந்தது. என் தலைப்பாகை மடிப்பில் ஒரு திண்டுக்கல் சுருட்டு இருந்தது. மோந்து பார்க்க மட்டும் வைத்திருந்தேன். மோந்து பார்ப்பதற்குச் சக்கிமுக்கிக் கல் எதற்கு என்று கேட்காதீர்கள். அதுவும் இருந்தது.

கடையாணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வரிசையின் கடைசி வரை நடந்தேன். அதற்கப்பால் போய்ப் பற்றவைத்து இரண்டே இழுப்பு இழுத்துவிட்டு வருவதாகத் திட்டம்.

கடைசி வண்டியில் பிச்சை மருந்துப் பீப்பாய் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். துண்டை முகத்தைச் சுற்றி முக்காடு போட்டிருந்தான். கன்னம் குழி விழுந்திருந்தது. காற்றில் துண்டு விலகியது. வாயோரத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்குச் சுருட்டின் வால் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் காற்றடிக்கும் இடங்களில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கிற வழக்கம் உண்டு. காற்று சுருட்டைத் தின்னாது, பொறி வெளியே பறக்காது. ஊற்றங்கரையில் வழிப்போக்கர் மூட்டியிருந்த அடுப்பில் பற்றவைத்து, நெருப்பை வாய்க்குள் பூட்டிக்கொண்டு, பயல் பத்திரமாக வந்திருக்கிறான். நெருப்பு வெளியே தெரியாதவரை தான் ஓவர்சியர் சட்டத்தை மீறவில்லை என்றே அவன் நினைப்பு.

ஓடினால் மருந்து என்னைவிட வேகமாக வரும். கத்தினால் இவன் வாயைத் திறப்பான்.

"பிச்ச" என்றேன், கைக்குழந்தையைக் கூப்பிடுகிற குரலில்.

"ம்."

"நெருப்பு உள்ளதான இருக்கு?"

பெருமையாகத் தலையாட்டினான்.

"சரிடா ராசா. வாயத் தெறக்காத. மெல்ல எறங்கி இங்கன வா."

"ம்?"

"ஏன்னா கேக்குற? நீ உக்காந்திருக்கது ஒன் மாமியா வீட்டுக் கட்டில்னு நெனச்சியா?"

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு வந்துவிட்டது. மூக்கு வழியாகப் புகை புஸ் புஸ்ஸென்று வந்தது. என் பேச்சுக்கு யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று என் ஆயுளில் முதல்முறையாக மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"சிரிக்காதடா. நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

இன்னும் குலுங்கினான். நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவனுக்கு இன்னும் சிரிப்பு. சிரிப்பு வராத வார்த்தை ஒன்றாவது எனக்குத் தெரியாதா என்று தேடினேன். கடைசியில் கிடைத்தது.

"ஒம் பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம்டா?"

தோள் நின்றது. பிச்சை என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து தான் உட்கார்ந்திருந்த பீப்பாயைப் பார்த்தான். வாயை இறுக்கிக்கொண்டு, துண்டைக்கூட எடுக்காமல், முட்டை மேல் நடப்பவன் போல இறங்கி, ரோட்டோர ஓடைக்குப் போய் முகத்தைத் தண்ணீருக்குள் முக்கினான். சுர்ரென்று சத்தம் கேட்டது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நனைந்த முகத்தோடு வந்து என் முன்னால் நின்றான்.

"அண்ணே."

"என்னடா?"

"ஒங்க கையில என்னண்ணே?"

பார்த்தேன். வலது கையில் சுருட்டு. இடது கையில் சக்கிமுக்கிக் கல். அந்தக் கல்லை ஆட்டி ஆட்டித்தான் பீப்பாய்ப் பக்கத்தில் நின்று அவனுக்கு அவ்வளவு புத்தி சொல்லியிருக்கிறேன்.

"லாடம் பாக்க எடுத்தேன்."

"லாடத்தப் பத்தவச்சா பாப்பீக?"

இரண்டையும் ஓடையில் போட்டேன். கல் முங்கியது. சுருட்டு கொஞ்ச தூரம் மிதந்து போனது. அது கண்ணுக்கு மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

5. ஆகவே

மறுநாள் முதல் ஓவர்சியர் மோப்பம் பிடிக்கும் முன்பே நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் மோந்துகொண்டோம். பூண்டு கூடாது என்பது ஒப்பந்தம். டிப்போவில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

இனிமேல் என்னை வந்து கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தண்ணீர் குடியுங்கள், கயிறு திரியுங்கள், நெல்லியை உருட்டுங்கள். போயிலைக்கு மாறாதீர்கள். மோந்து பார்க்க என்று ஒன்றை ஒளித்து வைக்காதீர்கள். எதற்கெல்லாம் சுருட்டை நம்பியிருந்தீர்கள் என்று பார்த்து, அந்த வேலைக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். ஆசை வந்தால் அதோடு நடுரோட்டில் மல்லுக்கு நிற்கவேண்டாம். எதிர்வண்டிக்கு ஒதுங்குகிற மாதிரி ஓரமாக நின்றால் கடந்து போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் பற்றவைத்தால் கூடவே சேர்ந்து வெடித்துப் போகக்கூடிய ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யோக்கியர் வேண்டாம். உங்களைப் போலவே கை நடுங்குகிறவராக இருந்தால் நல்லது.

மருந்து ஏற்றுகிற வேலை முடிந்துவிட்டது. இப்போது மலையிலிருந்து ஏலக்காயும் மிளகும் இறக்குகிறோம். ஓவர்சியரும் மாற்றலாகிப் போய்விட்டார். வாயை மோந்து பார்க்க யாருக்கும் அவசியம் இல்லை. பெரிய வளைவு வந்தால் இன்றும் என் கை காதுக்குப் போகிறது.

போன வாரம் அங்கே வண்டி நின்றபோது பிச்சை கடைசி வண்டியிலிருந்து நடந்து வந்தான்.

"ஊதுங்கண்ணே."

"ஏலே, வண்டியில ஏலக்கா மூட்டதான இருக்கு? வெடிக்கவா போகுது?"

"நீங்க பத்தவச்சா, பின்னால நான்ல வாரேன்" என்றான்.

ஊதினேன்.