மாடத்தில் பாடிய முப்பத்தொரு பேர்

ரோசினா ஹுல்ஸ்காம்ப் எங்கள் புனித போனிஃபாஸ் பங்குப் பள்ளியில் இருபத்தேழு வருஷம் சமைத்தாள். அவளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்பாள். பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரிகள் தியானத்துக்கென்று போய்த் திரும்பி வராதபோது, "பெட்டியைப் பார்த்தப்பவே நினைச்சேன். மூணு நாள் தியானத்துக்குக் குளிர்காலக் கோட்டு எதுக்கு?" என்றாள். அந்த ஒரு தடவை அவள் சந்தேகம் பலித்துவிட்டது. அன்று பிடித்தது சனி.

டெவ்லின் சாமி பங்குக்கு வந்ததும் சந்தேகம் அவர்மேல் திரும்பியது. நாங்கள் குடியேறி வந்த ஜெர்மன்காரர்கள். நாலு மைலில் புனித பிரெண்டன் பங்கு. அங்கே அத்தனை பேரும் ஐரிஷ்காரர்கள், அவர்களுக்கும் ஒரு பள்ளி. சாமியின் பெயரே அந்தப் பக்கத்துப் பெயர்.

"அல்மா, ரெண்டு பள்ளிக்கூடத்தை இனி விட்டுவைக்கமாட்டாங்க. எது போகணும்னு இவரு எழுதிக் குடுத்திருப்பாரு," என்றாள் என்னிடம். நான் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள்.

"அவர் வந்து ஆறு வாரம்கூட ஆகல, ரோசினா."

"எழுத ஆறு வாரமா வேணும்? ஆறு நிமிஷம் போதாது?"

அக்டோபரில் ஆயர் அலுவலகம் பூசைக்கு வருபவர்களை எண்ணும். அந்த வருஷம் எண்ணுவதற்கு வெளியாள் வருவதாகச் சாமி அறிவித்தார். கோயிலும் பள்ளியும் தப்புமா என்பது அந்த எண்ணிக்கையில் இருந்தது. எங்கள் பெஞ்சுகளோ பாதி காலி. ரோசினா தங்கை புருஷன் வெர்னரைப் பிடித்தாள். அவன் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வராத லுத்தரன் சபைக்காரன்.

"உன் ஆளுங்க அறுபது பேரு அன்னைக்கு ஒருநாள் எங்க கோயில்ல வந்து உக்காரணும்."

"எங்க போதகர் கேட்டா என்ன சொல்ல?"

"பன்றிக் கறியும் புளிச்ச முட்டைக்கோசும் போடுறேன். அவரையும் கூட்டிட்டு வா."

சாப்பாடு என்றதும் அறுபது தொண்ணூறானது. இடம் போதவில்லை. முன்வரிசையில் உட்காரும் பள்ளிப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரையும் ரோசினா என்னோடு பாடகர் மாடத்துக்கு ஏற்றிவிட்டாள். ஊர் முகங்கள் பழகாத சாமிக்கு நம் ஆள் யார், அயலான் யார் என்று தெரியவில்லை. நிறைந்த கோயிலைப் பார்த்து அவர் குரலே தழுதழுத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

எண்ண வந்த வெளியாள் மாடத்துக்கு நேர் கீழே, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினான். பிரசங்கம் முடிவதற்குள் எழுந்து போய்விட்டான்.

கிறிஸ்துமஸ் கழித்துக் கடிதம் வந்தது. சாமி அதை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிச் சமையலறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பெரியவர்கள் நூற்று நாற்பத்து நான்கு, கோயில் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் இரண்டே பேர், அந்த இரண்டும் வெர்னர் கூட்டத்தோடு வந்தவை. பதிவேட்டிலுள்ள முப்பத்தொரு பெயரையும் நம்புவதற்கில்லை. ஜூன் மாதத்தோடு பள்ளி மூடப்படும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

"பிள்ளைங்களைத் தனியா எண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்," என்று ரோசினா முனகினாள்.

சாமிக்கு முகம் சிவந்திருந்தது. "அத்தனை பேரும் மேல பாடிட்டு இருந்தாங்க. நான் இதை விடப்போறதில்ல. மறுபடி எண்ணச் சொல்லி ஆயர்கிட்ட சண்டை போடுறேன். நீங்களும் வாங்க. இந்தப் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டவங்க நீங்க, உங்க பேச்சை நம்புவாரு."

மறுபடி எண்ணினால் தொண்ணூறு பேர் இருக்கமாட்டார்கள். பள்ளியோடு கோயிலும் போகும். உண்மையைச் சொன்னாலோ அன்றைக்கே போகும். ரோசினா திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல நின்றாள். ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"வேண்டாம் சாமி," என்றாள். "எண்ணினது எண்ணினதாவே இருக்கட்டும்."

"ஏன்?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாமி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பிரெண்டன் பள்ளியில உங்களுக்குச் சமையல் வேலை தர்றதா யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"