காலி அறையில் வளைந்த அலை

நம்பினால் நம்புங்கள். இது போன ஐப்பசியில், உத்திரமேரூரில் எங்கள் வாடகை வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நான் நிஷா. ஆராய்ச்சி மாணவி. மின்காந்த அலை ஒரு பொருளில் மோதினால் சிதறும். சில விசித்திரப் பொருள்களால் அதைப் போர்த்திவிட்டால், அலை வளைந்து சுற்றிப் போய்விடும். உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை.

அன்று மதியம் மழை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மா, எனக்குப் பின்னால் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோதனைக்காக எங்கள் அறையின் அளவையே கொடுத்தேன். உள்ளே எதுவும் வைக்கவில்லை. கட்டில்கூட இல்லை. வெறும் அறை.

அலை நேராகப் போக வேண்டும். போகவில்லை. ஓர் இடத்தில் வளைந்து, சுற்றிக்கொண்டு போனது... ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு.

நிஜ அறையில், அம்மாவின் கட்டிலை ஒட்டிய இடம் அது.

ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். இப்போது வளைவு நகர்ந்திருந்தது. அறையின் நடுவில்.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. லேப்டாப் மட்டும் 'உஸ்ஸ்...' என்றது.

இன்னொரு முறை ஓட்டினேன்.

வளைவு என் நாற்காலிக்குப் பின்னால்.

பிடரியில் யாரோ மூச்சு விட்டது போல...

ஓடினேன்.

அம்மாவை விட்டுவிட்டு ஓடினேன். செருப்பில்லாமல், மழையில், எதிர் டீக்கடை வரைக்கும். "இன்னாமா, அம்மாவுக்கு இன்னா ஆச்சி?" என்று கடைக்கார சுகுமார் அண்ணன் கேட்டபோதுதான் அவள் நினைவே வந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பினேன். அம்மா அப்படியே படுத்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

"ஒண்ணியும் இல்லியேமா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தண்ணீர் கொடுக்க அம்மாவின் தலையைத் தூக்கினேன். கையில் பின்னல் தட்டுப்பட்டது.

வகிடெடுத்து, எண்ணெய் வைத்து, இறுக்கமாகப் பின்னியிருந்தது. கட்டுரை முடிக்கிற அவசரத்தில் பல நாளாக நான் அவள் தலையில் சீப்பு வைக்கவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும்மா பின்னினது?"

"இன்னாடி கேள்வி இது? தெனம் மத்தியானம் நீதானே பின்னி வுடுற." குழறிக் குழறிச் சொன்னாள். "கைதான் ஜில்லுனு கீது. ஒரு வார்த்த பேசவும் மாட்டேங்குற... பரவால்ல. பக்கத்துல வந்து குந்திக்கினு இருக்கியே, அதுவே போதும்."