'கோசோங்' என்று நான் எழுதிய நாலு நிமிடம்

இன்று காலை லெட்சுமி அக்கா வீட்டுக் கேட்டைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்க!

(கையில் பிஸ்கட் பாக்கெட். தப்பு செய்தவன் ஏனோ பிஸ்கட்தான் வாங்குகிறான்.)

எங்கள் ஊர் தெப்ராவில் நானும் அக்காவும் வேலை பார்த்த பேக்டரியை மூடிவிட்டார்கள். வேறு நாட்டில் ஆள் மலிவாம்.

அதைப் பற்றி என் மகள் கவிதா ஆவணப்படம் எடுக்கிறாள். எடுத்த வீடியோக்கள் மலை மாதிரிக் குவிந்துவிட்டன.

"அப்பா, சும்மாதானே இருக்கீங்க? ஒவ்வொண்ணா பாத்து டேக் போடுங்க. யாரு, எங்க, என்னா பேசுறாங்க. தேடுனா கிடைக்கணும், அவ்ளோதான்."

(சும்மா இருப்பது: இருபத்தோரு வருடப் பேக்கிங் வேலைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பதவி உயர்வு!)

படித்தது மூன்றாம் படிவம் வரைதான். ஆனால் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டத் தெரியும். வீடியோவும் ஒரு பெட்டிதானே என்று உட்கார்ந்தேன்.

முதல் வாரம் பெண்கள் எல்லோருக்கும் 'அக்கா' என்று போட்டேன்.

"அப்பா, அக்கான்னு தேடுனா மொத்த பேக்டரியும் வருது!"

"அவங்கள வேற எப்படி கூப்பிடுறது?"

"பேருப்பா, பேரு!"

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது.

பேச்சே இல்லாத வீடியோவுக்கு 'கோசோங்' என்று போட்டேன். மலாயில் காலி, ஒன்றுமில்லை என்று அர்த்தம். பால் ஊற்றாத டீ ஓ, கோசோங் என்றால் சீனியும் இல்லை. வீடியோ கோசோங் என்றால் பேச்சு இல்லை. கேமராவை அணைக்க மறந்ததில் பதிவான செருப்பு, கார் பார்க், பூனை எல்லாம் கோசோங்.

லெட்சுமி அக்காவும் அதில் போனார்.

"இருபத்தாறு வருசத்துல இந்த பேக்டரி உங்களுக்கு என்னா குடுத்துச்சு, ஆன்ட்டி?" என்று கவிதா கேட்கிறாள்.

அக்கா தன் விரல்களைப் பார்க்கிறார். சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டில் ஈயம் வைத்துத் தழும்பேறிய விரல்கள். நாலு நிமிடம் பார்க்கிறார். பிறகு எழுந்து, ஃபேனை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஒரு வார்த்தை இல்லை. ஒட்டினேன் ஸ்டிக்கரை.

போன வாரம் ஹார்ட்டிஸ்க் நிறைந்துவிட்டது.

"கோசோங் எல்லாத்தையும் டிலீட் பண்ணிடுங்கப்பா" என்றாள்.

செய்தேன். பேக்கப்பிலும் செய்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். (வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா!)

நேற்று கேட்டாள்: "அப்பா, லெட்சுமி ஆன்ட்டி பேசாம உக்காந்திருப்பாங்களே, அது எங்க? படத்தோட முடிவே அதுதான்."

"பேசாமயா...?"

"அப்பா. என்னா டேக் போட்டீங்க?"

அலமாக்!

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லேப்டாப்பை மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கம்ப்யூட்டர் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

அதனால்தான் இன்று பிஸ்கட்.

"அக்கா, இன்னொரு தடவ உக்காருங்களேன். அதே மாதிரி, பேசாம."

"அதே மாதிரியா? அன்னைக்கு நெசமாவே பதில் தேடுனேன் தம்பி. இப்ப உக்காந்தா அது நடிப்புலா."

"மன்னிச்சிருங்கக்கா. தெரியாம அழிச்சிட்டேன்."

"என்னா பேரு போட்டு வச்சிருந்த அதுக்கு?"

சொல்ல நாக்குக் கூசியது. "கோசோங்."

அக்கா சிரித்தார். சிரிப்பு முடிய நேரம் ஆனது.

"என்னா குடுத்துச்சுன்னு ஒம்மக கேட்டா. நாலு நிமிசம் தேடியும் எனக்கு வாயில வரல. நீ ஒரே வார்த்தையில எழுதிட்ட. சரியாத்தான் போட்டிருக்க, போ."

பிஸ்கட்டைப் பிரித்து எனக்கே இரண்டு கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பேக்டரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கமெண்டில் உங்கள் முழுப் பெயரை எழுதுங்கள். அக்கா, அண்ணன் என்று மட்டும் போடாதீர்கள்.

படத்துக்கு இருந்த முடிவை நான் அழித்துவிட்டேன். கடைசியில் உங்கள் பெயர்களாவது ஓடட்டும்.