நாலு விரற்கடை கேபிள்

மின்விசிறியை நிறுத்தினார். குழல்விளக்கை அணைத்தார். கதவருகே நின்றவரின் சட்டைப்பையைப் பார்த்து, "போன் வெளியில" என்றார். மின்னிரைச்சல் ஒரு துளியும் அளவில் கலக்கக் கூடாது. ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவர் ‘நானோ அக்கா’. ஒரு வோல்ட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்காக மல்லுக்கட்டுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வீட்டிலும் இதே கதைதான். "காபியில சர்க்கரை கம்மி" என்று கணவர் சொன்னால், "எவ்வளவு கம்மி?" என்பார். மனிதர், பாவம், அப்படியே குடித்துவிடுவார்.

திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் முங்கிக் கிடக்கும் நகமளவு சில்லு. அதைக்கொண்டு, குவாண்டம் விதிப்படி, மாறுதிசை மின்னழுத்தத்தை இம்மி பிசகாமல் தரும் கருவியை ஒன்பது வருடம் உழைத்துக் கட்டியவர் அவர். சுற்றுவட்டாரத்து மீட்டர்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. அன்று அந்தக் கருவிக்கே பரீட்சை. கதவருகே நின்றவர் வேறோர் ஆய்வகத்துப் பொறியாளர்; தம்முடைய கருவியைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தார். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

குறைந்த அதிர்வெண்ணில் சொல்லின. ஏற்ற ஏற்ற விலகின.

"கோளாறு உங்களுதுலதான் இருக்கும்" என்றார் அக்கா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. ஆனாலும் மனம் கேட்கவில்லை. தன் கேபிளைக் கழற்றி அளவுநாடாவை வைத்தார். கணக்கில் எழுதியிருந்ததைவிட நாலு விரற்கடை குறைவு. முனை பழுதாகி, வெட்டிப் புது முனை பூட்டியது அவரேதான், நாலு வருடம் முன்பு. அதிர்வெண் ஏறினால் கேபிளின் நீளமும் அளவைக் கெடுக்கும். அதற்கென்று கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. அதில் பழைய நீளமே கிடந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும், மேடம்" என்றார் பொறியாளர். நல்ல மனிதர். "நீளத்தை மாத்திட்டு மறுபடி ஓட்டலாம். கோடியில நாலு பங்கு வித்தியாசம். எந்த மீட்டருக்கும் உறைக்காது. பழச யாரு கிளறப் போறாங்க?"

அக்கா அளவுநாடாவைச் சுருட்டி வைத்தார். மீட்டர்களுக்குக் கொடுத்த நாலு வருடச் சான்றிதழ்கள், அத்தனையிலும் அவர் கையெழுத்து. தப்பு வெளியே தெரிந்தால் அந்தக் கையெழுத்தை இனி யார் நம்புவார்கள்?

"எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் சும்மா இருக்கறது?"

பக்கத்து அறைக்குப் போனார். சான்றிதழ்ப் பதிவேட்டை எடுத்து நாலு வருடம் பின்னோக்கிப் புரட்டினார். முதல் பெயரின் மேல் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, மறு கையால் தொலைபேசியை எடுத்தார்.