தற்செயலாகச் சந்திக்கப் போட்ட திட்டம்

எங்கள் குடும்பத்தில் எவருக்கும் பனியைப் பிடிக்காது. அப்பா அதைத் திட்டிக்கொண்டேதான் காரைத் தோண்டி எடுப்பார். அம்மா குளிர் உள்ளே வராமல் ஒக்ரோபரில் யன்னல்களுக்கு ஒட்டும் பிளாஸ்ரிக்கை மே மாதம்தான் உரிப்பார். ஆகவே நான் ஐந்தாம் வகுப்புப் படித்த அந்த மாசி மாதத்தில், அம்மாவின் தமையனான பெரிய மாமா, நாங்கள் இருந்த மொன்றியலின் மேற்கு ஓரத்து ரொக்ஸ்பரோவிலிருந்து வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வண்ணப் புத்தகத்தை விரித்து, "இந்த முறை பள்ளிக்கூட லீவுக்கு எல்லாரும் ஸ்கீ போறம்" என்று சொன்னபோது, மாமாவுக்கு உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று நினைத்தேன்.

மொன்றியலுக்கு வடக்கே இரண்டு மணித்தியாலம் போனால் அந்த மலைக்கிராமம் வரும். சுவிற்சர்லாந்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல் கட்டியிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் கூரைகள், தெருவில் வாத்தியம் வாசிப்பவர்கள், தீப்பந்தத்தோடு மலையிறங்குபவர்கள், கம்பியில் தொங்கியபடி ஆட்களை ஏற்றிப்போகும் பெட்டிகள். என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப்பேர் வருடம்தோறும் இப்படி எங்காவது போய்வந்து, கன்னம் சிவக்கக் கதை சொல்வார்கள். என்னிடம் சொல்ல இருந்ததெல்லாம் ரொறன்ரோவில் பார்த்த பூப்புனித நீராட்டு விழாக்கள்தான். அன்றைக்கே வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இனிப் போகாமல் இருக்க முடியாது என்ற நிலை எனக்கு.

ஆனால் திட்டம் போட்ட விதந்தான் விளங்கவில்லை. மாமா பஞ்சாங்கத்தைப் பார்த்து, வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குள் பெட்டி நிலையத்தடியில் நிற்கவேண்டும் என்றார். பனியில் சறுக்குவதற்கும் ராகுகாலம் உண்டா என்று கேட்டேன். "வாயை மூடு" என்றார் அம்மா. அப்பா எல்லோருக்கும் தடித்த மேற்சட்டை தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா மாம்பழ நிறப் பட்டுச்சேலை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அது சின்னம்மாவுக்காம். மேற்சட்டைக்கு வெளியே சேலை தெரியவேண்டுமா, கழற்றும்போது தெரிந்தால் போதுமா என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அரைமணி நேர வாக்குவாதம்.

இதைவிடப் பெரிய குழப்பம் மாமாவின் ஒத்திகை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, கைகளை விரித்து, "அட, நீங்களும் இஞ்சையோ!" என்று சொல்லிப் பார்ப்பார். குரல் சரியில்லை என்று திரும்பவும் சொல்லுவார். ஆரைச் சந்திக்கப் போகிறோம் என்று கேட்டால், "தற்செயலாய் ஆரும் வந்தால்" என்பார். தற்செயலாக வருபவர் பத்தே முக்காலுக்குத்தான் வருவார் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்?

இப்போது எல்லாம் தெரியும். சின்னம்மா அம்மாவின் தங்கை. ஊரிலிருந்து வந்து மூன்று வருடமாக எங்களோடு இருந்தார். பகலில் ஒரு கார்டெரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார், பின்னேரம் பிரெஞ்சு வகுப்புக்குப் போவார். அவரைப் பெண் பார்க்க ஏற்கெனவே இரண்டு இடத்தார் வந்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் வழக்கப்படி கோயிலில், தற்செயலாகக் கண்டதுபோல. பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் மரியாதைக் குறைவில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். மொன்றியல் கோயிலிலோ தீபாராதனை முடிவதற்குள் மண்டபம் முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிடும். இரண்டும் சரிவராமல் போனதும், சமையலறையில் அம்மாவின் குரல் இறங்கிப்போனது. இந்த மூன்றாவதும் தவறிப்போனால் தங்கச்சியின் பெயர் கெட்டுவிடும் என்பது அவருடைய பயம். எனவேதான் மாமா தமிழர் ஒருவரும் எட்டிப்பார்க்காத இடமாகப் பார்த்துத் தெரிவு செய்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ரொறன்ரோவிலிருந்து வருவதாக ஏற்பாடு.

சின்னம்மாவிடம் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். நான் மட்டும் அவருக்குச் சறுக்கப் பயம் என்று நினைத்து, கட்டிலில் ஏற்றிவிட்டு, முழங்காலை எப்படி மடிக்கவேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன்.

சனிக்கிழமைகளில் எனக்குத் தமிழ்ப்பள்ளி. ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை மேடையேறிப் பேசவேண்டும். அந்த வாரம் என் முறை, தலைப்பு 'எனது விடுமுறை'. வழக்கமாக அம்மாதான் எழுதித் தருவார். அவர் பலகாரம் சுடுவதில் இருந்தபடியால் சின்னம்மா எழுதினார். நல்ல பேச்சு. மலை வந்தது, கூரைகள் வந்தன, தீப்பந்தம் வந்தது, நாளும் நேரமும் வந்தன. கடைசி வரி: "விரும்பியவர்கள் அனைவரும் எங்களோடு வரலாம். பெரிய மாமாவிடம் பெயர் கொடுங்கள்."

"மாமா ஒண்டும் சொல்லமாட்டாரோ?" என்று கேட்டேன்.

"நல்ல விஷயத்தை நாலு பேருக்குச் சொல்லவேணும், பிள்ளை. கடைசி வரியை மட்டும் கொஞ்சம் பலமாய்ச் சொல்லு" என்றார்.

பலமாகவே சொன்னேன். பின்வரிசையில் நின்ற பெற்றோர்கள் கை தட்டினார்கள். அடுத்த நாள் மாமாவின் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்து மட்டும் ஆறு குடும்பம் பெயர் கொடுத்தது. ஒருவர் பஸ் பிடித்துத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர், மலையில் சோறு கிடைக்காது, கோயிலில் சமைக்கும் பெரிய கிடாரத்தைக் கேட்டு வாங்கவோ என்று விசாரித்தார். பெயர் கொடுத்த அன்ரி ஒருவர் மாப்பிள்ளையின் தாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. அவர் சந்தோஷ மிகுதியில் ரொறன்ரோவில் இருந்த அந்த அக்காவுக்குப் போன் எடுத்து, "நாங்கள் நாற்பது பேர் போறம், நீங்களும் வாங்கோவன்" என்று அழைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை அந்தத் தாய் மாமாவிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம்: "ஊரைக் கூட்டி வைச்சுக்கொண்டோ பொம்பிளை காட்டப்போறியள்?"

அத்தோடு எல்லாம் முடிந்தது. நாங்கள் போகவில்லை. வெட்கத்தில் மாமா படுத்துவிட்டார். பஸ் மட்டும் வியாழக்கிழமை கிடாரத்தோடு மலைக்குப் போனது.

அதற்கு முதல் ஒரு விசாரணை நடந்தது. மாமா என்னை மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "அந்தக் கடைசி வரியை ஆர் சொல்லச் சொன்னது?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி கரைந்து கனநேரமாகியிருக்கும். இருந்தும் கலக்கிக்கொண்டேயிருந்தார்.

"நானாய்த்தான் சொன்னனான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "இவளாலதான் என்ர தங்கச்சியின்ர வாழ்க்கை போச்சு" என்று அழுதார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஒரு பேச்சால் ஒருவருடைய வாழ்க்கை எப்படிப் போகும் என்று விளங்காமலே நானும் அழுதேன்.

அந்த வியாழக்கிழமை, சின்னம்மா ஒரு நீலப் பிளாஸ்ரிக் சறுக்குப் பலகையை வாங்கிக்கொண்டு வந்து, நகரத்தின் நடுவே இருக்கும் மலைப் பூங்காவுக்கு என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். ஏறிய நேரம் தொடக்கம் அவர் என் கையை விடவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சின்னம்மா" என்றேன். அவர் குனிந்து என் தொப்பியைச் சரிசெய்தார். கண் கலங்கியிருந்தது. "நீ ஒரு பிழையும் செய்யேல்லை. நான்தான் உன்னட்டை மன்னிப்புக் கேக்கவேணும்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நட்டத்திலும் என்மேல் கோபமில்லாத சின்னம்மாவை நான் அன்று கும்பிடாத குறை. வெகுகாலம் பொறுமைக்கு உதாரணமாக அவரைத்தான் சொல்லித் திரிந்தேன்.

சறுக்குமிடத்துக்குக் கீழே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சின்னம்மாவின் பிரெஞ்சு வகுப்பில் படிப்பவர், மட்டக்களப்புப் பக்கம், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலை. இன்றைக்கு அவர்தான் என் சித்தப்பா. அந்த முடிவுக்கு மாமா சம்மதிக்க இன்னும் நான்கு வருடம் எடுத்தது.

அன்றைக்கு அவரைக் கண்டதும் சின்னம்மா நின்றார். முகமெல்லாம் சிவந்து, மாமாவைவிட எவ்வளவோ நன்றாக, "அட, நீங்களும் இஞ்சையோ!" என்றார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. பஞ்சாங்கம் இல்லாமல், ஒத்திகை இல்லாமல், உண்மையான தற்செயல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தனியாக வந்த மனிதர், ஆவி பறக்கும் சொக்லேற் பானம் மூன்று கோப்பைகளை ஏன் சுமந்துகொண்டு நின்றார் என்பது மட்டும் விளங்கவில்லை.